வாசகர் கேள்வி – பதில்: கப்பல்கள் கரை சேருமுன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இளைப்பாறிப் போவதற்கென்றே உண்டான ஊர் என்கிறார்கள். பத்துக் கப்பல் ஒன்றாக வந்து நின்றால் அங்கிருந்த அதிகாரி எப்படிச் சமாளித்திருப்பார்? – வாசகர், மயிலாடுதுறை

பதில்: வந்து நின்ற பிறகு யாராலும் சமாளிக்க முடியாது. நாலைந்து மாதம் முன்பே விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். படேவியாவிலிருந்தும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கையின் காலியிலிருந்தும் ஹாலந்து திரும்பும் கப்பல்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் கேப் டவுனின் விரிகுடாவான டேபிள் பேயை அடையும். அங்கே அது கோடையின் கடைசி. முட்டைக்கோஸ் தலை கட்ட மூன்று, நான்கு மாதமாகும். ஆகவே அக்டோபர், நவம்பரில் விதைத்து, மலையோடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, மழையே இல்லாத மாதங்களில் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும்.

1652 ஏப்ரல் 6 அன்று அங்கே வந்து சேர்ந்த கம்பெனியின் முதல் அதிகாரி யான் வான் ரீபெக் (அவர் பதவி கமாண்டர்) முதல் ஆண்டே அடி வாங்கினார். குளிர்கால மழை தோட்டத்தை அரித்துக்கொண்டு போனது. அதற்கடுத்த எதிரி தென்கிழக்குக் காற்று. மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்று முற்றிய கோதுமைக் கதிரை உதிர்த்துவிடும். மலையின் மறுபுறம், காற்று மறைவான ரோண்டபாஷ் பக்கம் விதைத்துப் பார்த்த பிறகுதான் தானியம் தேறியது.

விதையும் ஒரு தலைவலி. கப்பலின் ஈரப்புழுக்கத்தில் மாதக்கணக்கில் கிடந்த வெங்காய விதையில் பாதிகூட முளைக்காது. சொந்த விதை எடுக்கலாமென்றால், கோஸும் கேரட்டும் இரண்டாம் வருடம்தான் பூக்கும். கப்பல்கள் வந்து நிற்கிற நேரத்திலும் நல்ல பாத்தி ஒன்றைப் பறிக்காமல் விட்டுவைக்கிற நெஞ்சுரம் தோட்டக்காரனுக்கு வேண்டும்.

கேள்வி: குடிதண்ணீர் எவ்வளவு தேவைப்படும்? – வாசகர், தூத்துக்குடி

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கப்பலில் 250 பேர், ஆளுக்குத் தினம் 3 லிட்டர், 90 நாள் பயணம் என்று வைத்தால் 67,500 லிட்டர். 500 லிட்டர் பீப்பாய் என்றால் 135. அத்தனையும் படகில் போய் வர வேண்டும். தென்கிழக்குக் காற்று எழும்பினால் நாள்கணக்கில் படகே இறங்காது. வான் ரீபெக் படகுத்துறை கட்டியதும், அவருக்கு அடுத்து கமாண்டராக வந்த வாகெனார் 1663-ல் நீர்த்தேக்கம் கட்டியதும் இந்த நெருக்கடிக்காகத்தான்.

பீப்பாயையும் அப்படியே நிரப்பிவிடக் கூடாது. காய்ந்து கிடந்த பீப்பாயில் பலகைகள் சுருங்கி, இரும்பு வளையம் தளர்ந்திருக்கும். ஊற்றியதெல்லாம் இடுக்கு வழியே ஒழுகும். வளையத்தை அடித்து இறுக்கி, ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் பலகை உப்பி இடுக்கு அடைபடும். உள்ளே வழவழவென்று பாசி இருந்தால் சுரண்டி, கொதிநீர் விட்டுக் கழுவ வேண்டும். கப்பல்கள் தண்ணீர் பிடிக்கும் ஓடையில் மேல்பக்கம் யாரும் துணி துவைத்துக் கலக்கக் கூடாது என்று 1655-லேயே ஆணை போட்டார்கள். ஊர் எழும்பி மூன்றாம் ஆண்டிலேயே அந்த ஆணை தேவைப்பட்டிருக்கிறது!

கேள்வி: ஸ்கர்வி நோயாளிகளுக்கு என்ன கொடுத்தார்கள்? – வாசகர், கோவை

பதில்: ஸ்கர்வி என்பது பச்சைக்காய், பழம் இல்லாமல் வைட்டமின் சி குறைந்து வரும் நோய். அதற்குக் கைக்கு முதலில் கிடைத்தது காட்டுக்கீரை. நம்மூர்ப் புளியாரைக்கு உறவான ஒரு செடி கேப்பில் மழைக்காலத்தில் தானாக முளைக்கும். பிறகு தோட்டத்துக் கீரைகள், எலுமிச்சை, ஆரஞ்சு. வைட்டமின் சி என்ற பெயர் அன்று யாருக்கும் தெரியாது, ஆனால் பச்சைக்காய் தின்றவன் எழுந்து நடந்தான் என்பது தெரியும்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நேரும். ஈறு வீங்கிப் பல் ஆடுகிறவனால் மெல்ல முடியாது என்று கீரையை நெடுநேரம் வேகவைத்தால், மருந்தாக வேலை செய்யும் சத்து பெரும்பகுதி போய்விடும். பச்சையாக இடித்துச் சாறாகக் கொடுப்பதே மேல். இன்னொன்று, நோய் முற்றியவனை உடனே ஏணியில் இறக்கி நடக்கவிடுவது. அசைவே இல்லாமல் கிடந்தவன் திடீரென்று உடம்பை வருத்தினால் மயங்கி விழுந்து இறந்துபோவதுண்டு. படுக்கையோடு படகில் இறக்க வேண்டும். சரியான உணவு கிடைத்தால் ஈறுகளில் வடியும் ரத்தம் சில நாளிலேயே நிற்கும். உடம்பில் பலம் ஊற வாரங்கள் ஆகும்.

கேள்வி: இறைச்சி எங்கிருந்து வந்தது? – வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த மண்ணின் மேய்ச்சல்காரர்களான கோய்கோய் மக்களின் மந்தைகளிலிருந்து. செம்பும் புகையிலையும் கொடுத்து மாடும் ஆடும் வாங்கினார்கள். நல்ல கறவையையும் சினை மாட்டையும் எந்த மேய்ப்பன் விற்பான்? கம்பெனிக்கோ இறைச்சித் தேவை குறையவே இல்லை. 1657-ல் மேய்ச்சல் நிலத்தையே தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தது; 1659-ல் இரு தரப்புக்கும் சண்டை மூண்டது. கப்பல்காரர்களுக்குப் போட்ட விருந்தின் விலையை அந்த மக்கள்தான் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே கூடாது.

கேள்வி: கப்பல்களிலிருந்து ஊருக்கு நோய் பரவியதுண்டா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: 1713-ல் பெரியம்மை அப்படிப் பரவியது. அழுக்குத்துணி மூட்டையை யாரும் யோசிக்கவில்லை. ஹாலந்து திரும்பும் கப்பல்களின் துணிகள் வழக்கம்போலக் கம்பெனியின் அடிமை விடுதிக்குத் துவைக்கப் போயின. பெரியம்மையின் பொருக்கும் சீழும் காய்ந்து ஒட்டிய துணியில் கிருமி வெகுநாள் உயிரோடிருக்கும். மூட்டையை அவிழ்த்து உதறியவர்களைத்தான் முதலில் பிடித்தது. மடகாஸ்கரிலிருந்தும், உங்கள் சோழமண்டலக் கரையிலிருந்தும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் வாழ்ந்த விடுதி அது. அங்கிருந்து ஊருக்குள்ளும், பிறகு கோய்கோய் குடியிருப்புகளுக்கும் பரவிப் பெருநாசம் செய்தது. துணியைக் கப்பலிலேயே கொப்பரையில் கொதிக்கவைத்த பிறகு கரைக்கு அனுப்பியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

கேள்வி: டேபிள் பே பாதுகாப்பான துறைமுகமா? – வாசகர், கடலூர்

பதில்: கோடையில் பரவாயில்லை. குளிர்காலத்தில் வடமேற்குப் புயலுக்கு வாய் திறந்து கிடக்கும். நங்கூரக் கயிறு அறுந்தால் கப்பல் நேரே மணற்கரையில் மோதும். 1722 ஜூனிலும் 1737 மே மாதத்திலும் கம்பெனி பல கப்பல்களை அப்படி இழந்தது. அதன்பிறகே மே நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தெற்கே உள்ள இன்னொரு விரிகுடாவான சைமன்ஸ் பேயில் நிற்கச் சொன்னார்கள். ஆனால் கிடங்கும் ஆஸ்பத்திரியும் கேப் டவுனில். இரண்டுக்கும் நடுவே 35 கிலோமீட்டருக்கு மேல் மணல் பாதை. குளிர்காலத்தில் கப்பல் வந்தால் கோஸ் மூட்டையும் மாவும் மாட்டு வண்டியில்தான் போயாக வேண்டும்.