லத்தீன், தர்க்கம், கல்லூரி நுழைவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகன் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். வீட்டிலிருந்தே கத்தோலிக்க கிளாசிக்கல் பாடத்திட்டத்தில் (லத்தீன், தர்க்கம், பழம்பெரும் நூல்கள் என்று போகும் பாடத்திட்டம்) படிக்கவைக்கப் போகிறோம். லத்தீனை இதுவரை தொட்டதே இல்லை. நான்கு வருடத்தில் சமாளிப்பானா? – டெக்சஸ் வாசகி

பதில்: சமாளிப்பான். வழக்கமான வரிசை இது: முதல் ஆண்டு இலக்கணம், அப்புறம் பழைய ரோம எழுத்தாளர்களான சீசர், சிசரோ, வர்ஜில் ஆகியோரின் நூல்கள். ஐந்து பெயர்ச்சொல் வகைகளும் நான்கு வினை வகைகளும் வாயில் தடையில்லாமல் வரும்வரை சீசரைத் திறக்க வேண்டாம். அதற்கு ஒன்றரை வருடம் ஆனாலும் ஆகட்டும், வர்ஜிலைக் கல்லூரியில் படித்துக்கொள்ளலாம். அரைகுறையாகச் சீசருக்குப் போகிற பிள்ளைகள் வரிக்கு நாலு தடவை அகராதியைப் புரட்டிச் சலித்துவிடுகிறார்கள்.

தினம் 45 நிமிடம், வாரம் ஐந்து நாள் போதும். முதல் 10 நிமிடம் புத்தகத்தை மூடிவைத்து விகுதிகளை உரக்கச் சொல்லட்டும். அடுத்த 15 நிமிடம் புதுப் பாடம், மீதி 20 நிமிடம் வாக்கியங்கள். எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குத் தள்ளினால் திங்கள் சொன்ன விகுதி வெள்ளிக்குள் மறந்திருக்கும். 1599இல் இயேசு சபையார் வகுத்த கல்வித் திட்டத்திலும், படித்ததைத் திரும்பச் சொல்லவைப்பதற்கு அன்றாடம் நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள் என்றால் அவனுக்குப் பெரிய வசதி. ‘அக்ரிகொலாம் புவெல்லா விதெத்’ என்பதை ஆங்கில வரிசையில் படிக்கிற பிள்ளை, உழவன் சிறுமியைப் பார்ப்பதாக எழுதிவிடும். தமிழில் ‘உழவனைச் சிறுமி பார்க்கிறாள்’ என்றால் சொல் வரிசைகூட மாறுவதில்லை. நம் ‘ஐ’ உருபின் வேலையை அங்கே ‘அக்ரிகொலாம்’ என்பதன் கடைசி ‘ம்’ செய்கிறது. முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

உச்சரிப்பில் திருச்சபை முறை, பழைய ரோம முறை இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயிலில் ‘தாந்தும் எர்கோ’ என்ற லத்தீன் பாடலைக் கேட்டு வளர்ந்தவனுக்குத் திருச்சபை முறையே இயல்பாக வரும்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மகள் நிறையப் படிக்கிறாள். ஆனால் கட்டுரையில் கருத்து மட்டுமே இருக்கிறது, வாதம் இல்லை. என்ன செய்யலாம்? – நியூ ஜெர்சி வாசகர்

பதில்: பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் கையாண்ட அமைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘போரில் பொய் சொல்லலாமா?’ என்பதுபோல ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று. தன் முடிவுக்கு எதிரான மூன்று வாதங்கள் முதலில் வரும். ‘இதற்கு மாறாக’ என்று ஒரு சான்று. பிறகு அவளுடைய விடை. கடைசியில் அந்த மூன்று வாதங்களுக்கும் தனித்தனியே பதில். இரண்டு வாரத்துக்கு ஒன்று, இரண்டு பக்கம்.

கோளாறு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே நடக்கும்: எளிதில் தட்டிவிடக்கூடிய எதிர்வாதமாகப் பார்த்துப் போடுவார்கள். எதிர்த்தரப்பில் இருப்பவர் படித்துவிட்டு ‘நான் சொல்வதும் இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விடையைப் பார்க்கவே வேண்டாம். கூடவே அடிப்படைத் தர்க்கமும் தேவை. ‘குருக்கள் எல்லாரும் திருமுழுக்குப் பெற்றவர்கள்; அந்தோணி திருமுழுக்குப் பெற்றவர்; ஆகவே அந்தோணி குரு’ என்பதில் ஓட்டை எங்கே என்று அவள் உடனே காட்ட வேண்டும்.

கேள்வி: கல்லூரி நுழைவுக்கு சி.எல்.டி. (Classic Learning Test என்னும் கிளாசிக்கல் கல்வி சார்ந்த தேர்வு) எழுதினால் போதுமா, வழக்கமான எஸ்.ஏ.டி. (SAT) தேர்வும் வேண்டுமா? – ஃபுளோரிடா வாசகி

பதில்: கலிஃபோர்னியாவின் தாமஸ் அக்குவினாஸ் கல்லூரி போன்ற கத்தோலிக்கக் கல்லூரிகள் சி.எல்.டி. மதிப்பெண்ணை ஏற்கின்றன. உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களும் 2023 முதல் ஏற்கின்றன. வேறு மாநிலத்தில் பொறியியல் படிக்க நினைத்தால் எஸ்.ஏ.டி.யும் எழுதட்டும். சி.எல்.டி.யில் மூன்று பிரிவு, பிரிவுக்கு 40 கேள்வி, மொத்தம் இரண்டு மணி நேரம். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. பின்னக் கணக்கைக் கையால் போடப் பழகாத பிள்ளைகளுக்கு அங்கேதான் மதிப்பெண் போகிறது.

மதிப்பெண் பட்டியலை ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஒரு கிரெடிட்டுக்கு (ஒரு பாடத்தை ஓராண்டு படித்து முடித்ததற்கான அலகு) சுமார் 120 மணி நேரம் கணக்கு. எந்த நூல், எத்தனை மணி நேரம், எத்தனை கட்டுரை என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், கல்லூரி விவரம் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.