தினமும் ஓட்ட எந்தக் கூபே: எம்4-ஆ, சி.எல்.இ.-யா, 911-ஆ?

கேள்வி: வயது 44. கோவையில் பம்ப் உதிரிபாகத் தொழில் செய்கிறேன். வீடு வடவள்ளி, தொழிற்சாலை அரசூர் பக்கம். காலையில் போகிற வழியில் மகளை (8 வயது) பள்ளியில் விட வேண்டும். மகன் (13 வயது) பள்ளிப் பேருந்தில் போய்விடுவான். வீட்டில் ஒரு இன்னோவா இருக்கிறது. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பி.எம்.டபிள்யூ. எம்4, மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. சி.எல்.இ. 53, போர்ஷே 911 கரேரா மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறேன். ஆன்-ரோடு 2 கோடியைத் தாண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையைக் கழற்றி ஓட்டும் வண்டியாக இருக்கக் கூடாது. எது சரி?
- ஒரு வாசகர், கோவை

பதில்: மூன்றில் எது வேகம் என்று நீங்கள் கேட்காததற்கே நன்றி. இருந்தாலும் அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன், இல்லையென்றால் நண்பர்கள் உங்களைக் குழப்பிவிடுவார்கள். எம்4 காம்பெடிஷன் எக்ஸ்-டிரைவுக்கு 530 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 3.5 வினாடியில் தொடும். சி.எல்.இ. 53-க்கு 449, ஆகும் நேரம் 4.2. புதிய கரேராவுக்கு 394 தான், ஆனால் 4.1 வினாடி. பென்ஸை விடப் பல நூறு கிலோ எடை குறைவு, இன்ஜினும் பின் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் சக்தி குறைந்தும் போர்ஷே பின்தங்குவதில்லை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை இப்போது 10 கி.மீ. மேம்பாலம் இருக்கிறதே, அதில் போகும்போது இந்த மூன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. முன்னால் போகிற காரின் வேகம்தான் உங்கள் வேகம்.

வித்தியாசம் தெரிகிற இடம் வேறு. உங்கள் வீட்டு கேட், தெருமுனை வேகத்தடை, பள்ளி வாசல், தொழிற்சாலைக்குள் திரும்பும் மண் பாதை. தினமும் ஓட்டும் வண்டியை அந்த இடங்களை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

அதற்கு முன் பணக் கணக்கு. மூன்றும் முழு வண்டியாக இறக்குமதியாகி வருபவை. அந்தத் தீர்வையே விலையை இரட்டிப்பாக்கிவிடும். அதற்கு மேல், 20 லட்சத்தைத் தாண்டிய கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். எம்4-இன் இந்தப் பதிப்பு 2024 மே மாதம் வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 1.53 கோடி. வரி மட்டும் 30 லட்சத்துக்கு மேல். இன்சூரன்ஸும் சேர்ந்தால் உங்கள் 2 கோடியின் ஓரத்தில் வந்து நிற்கும். சி.எல்.இ. 53 2025-இல் 1.35 கோடிக்கு வந்தது. அது தாராளமாக அடங்கும். புதிய 911-க்கு எக்ஸ்-ஷோரூமே ஏறத்தாழ 2 கோடி, வரி 40 லட்சம். ஆக ஷோரூமிலிருந்து புது 911 உங்களுக்கு இல்லை. இவை அறிமுக விலைகள், இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் மாறியிருக்குமே தவிரக் கணக்கு தலைகீழாக மாறாது.

அப்படியிருந்தும் என் பதில் 911 தான். புதியதல்ல, செகண்ட் ஹேண்ட். 992 என்று சொல்லப்படும் தலைமுறையின் முதல் பதிப்பு 2019 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதில் சாதாரண கரேராவுக்கு 385 குதிரைத்திறன். போதுமா என்று கேட்காதீர்கள், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் போதும்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய தார்க் குவியல். அதில் கார் இரண்டு இடத்தில் அடிபடும். ஒன்று முன் பம்பரின் உதடு. இன்னொன்று, முன் சக்கரம் ஏறி இறங்கிய பிறகு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள வயிறு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் எம்4-இலும் சி.எல்.இ.-யிலும் ஏறத்தாழ 2.86 மீட்டர் வரும். 911-இல் 2.45 மீட்டர் தான். 40 செ.மீ. குறைவு என்பதால் வயிறு தட்டுவது வெகுவாகக் குறையும். முன் உதட்டைக் காப்பாற்ற 911-க்கு ஒரு வசதி உண்டு: பொத்தானை அழுத்தினால் சில வினாடிகளில் மூக்கு சுமார் 40 மி.மீ. மேலே எழும். ஆனால் அது கூடுதல் பணம் கொடுத்து முதல் ஆள் கேட்டு வாங்கியிருந்தால்தான் இருக்கும். பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால் செலவு தாங்காது. இந்த வசதி இல்லாத 911 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்கள் வடவள்ளிக்கு வேண்டாம்.

அடுத்தது டயர். எம்4-இன் பின் டயரில் 285/30 ஆர்20 என்று எழுதியிருக்கும். அகலம் 285 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 30 சதவீதம், அதாவது எட்டரை செ.மீ. கரேராவின் பின் டயர் 295/35 ஆர்20. பத்து செ.மீ.க்குச் சற்று மேல். குழியில் விழும்போது ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பர் மட்டும்தான். கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டு செ.மீ.யின் அருமை பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருவில் தெரியும். அதனால்தான் கரேரா எஸ் வேண்டாம், சாதாரண கரேராவே போதும் என்கிறேன். எஸ்-இல் பின்னால் 21 அங்குல ரிம், டயரின் பக்கச் சுவர் அதனால் குட்டை. சாதாரண கரேராவுக்கே சிலர் அழகுக்காகப் பெரிய ரிம் போட்டு வாங்கியிருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட வண்டிகளில் பொதுவாக ஸ்டெப்னி இருக்காது. பஞ்சர் மருந்தும் காற்றடிக்கும் பம்பும்தான் தருவார்கள். பக்கச் சுவர் கிழிந்தால் ஃப்ளாட்பெட் வண்டிதான் வர வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது டயர், ரிம் பாதுகாப்பைச் சேர்த்தே எடுங்கள்.

அகலமும் ஒரு விஷயம். ஏ.எம்.ஜி. சி.எல்.இ. கண்ணாடிகளை விட்டுவிட்டே 1.93 மீட்டர், 911 அதைவிட எட்டு செ.மீ. ஒல்லி, நீளத்திலும் முப்பது செ.மீ.க்கு மேல் குறைவு. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால் முன் மட்கார்டு இரண்டும் மேடாகக் கண்ணுக்குத் தெரியும். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழையும்போது எங்கே முடிகிறது வண்டி என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: எந்தக் கூபேக்கும் கதவு நீளம். இரண்டு தூண்களுக்கு நடுவே நிறுத்துகிற பேஸ்மென்ட் என்றால், கதவைப் பாதி திறந்து இடுப்பை வளைத்து வெளியே வருகிற வித்தையைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சரி, மகள்? 911-இன் பின்னிருக்கை பெரியவர்களுக்கானது அல்ல. எட்டு வயதுக் குழந்தை பூஸ்டர் இருக்கையில் உட்கார்ந்து போகத் தாராளம். இன்னும் மூன்று நான்கு வருடம் ஓட்டலாம். நான் சொன்ன 2019 பதிப்பில் பின்னிருக்கை சேர்ந்தே வரும். புதிய பதிப்பில் கூடுதல் பணம் இல்லையென்றாலும் கேட்டால்தான் போட்டுத் தருகிறார்கள். பள்ளிப் பை முன்னால் உள்ள டிக்கியில். அது 130 லிட்டர் சொச்சம், பை, சாப்பாட்டுக் கூடை, லேப்டாப் என்று வைத்தால் நிறைந்துவிடும். குடும்பத்தோடு போக இன்னோவா இருக்கிறதே.

ஒருவேளை அடுத்த வருடம் மகனையும் நீங்களே கூட்டிப்போக வேண்டிவரும் என்றால் இதுவரை சொன்னதை விட்டுவிட்டு சி.எல்.இ. 53 வாங்குங்கள். பதின்மூன்று வயதுப் பையன் அதன் பின்னால் உட்கார முடியும், டிக்கி 420 லிட்டர், நான்கு சக்கரமும் இழுக்கும். மெதுவாகப் போகும்போது பின் சக்கரங்கள் எதிர்ப்பக்கம் இரண்டரை டிகிரி வரை திரும்பிக்கொடுப்பதால் அந்த நீளத்துக்கு நன்றாகவே வளையும்.

எம்4? மூன்றில் ஓட்டக் குஷியானது அதுதான் என்று ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் தடத்தில் மாதம் ஒருமுறை இறங்குபவராக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாங்குவதென்றால் கார்பன் பக்கெட் இருக்கை மட்டும் வேண்டாம். இரண்டு தொடைகளுக்கும் நடுவே ஒரு கார்பன் மேடு நிற்கும், பக்கங்களும் உயரம். வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கிப் பாருங்கள்!

இனி 911-ஐத் தேடும்போது. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ளதாகப் பாருங்கள். ஆயுள் வரியை முதல் ஆள் கட்டி முடித்திருப்பார், உங்களுக்கு அது பெரிய மிச்சம். புதுச்சேரி எண்ணில் ஒன்று மலிவாகக் காட்டுவார்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் என்.ஓ.சி. வாங்கி மறுபதிவு செய்து இங்கும் வரி கட்டியாக வேண்டும், மலிவு அத்தோடு போயிற்று. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஓடிய தூரம் எட்டாயிரம் கி.மீ.தான் என்பார்கள், டயர் ஆறு வயதாகியிருக்கும். ரப்பர் இறுகிப்போயிருந்தால் நாலு டயரின் விலையைக் குறைத்துக் கேளுங்கள். முன் பம்பரின் இரண்டு ஓரத் துளைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன. காய்ந்த இலையும் குப்பையும் போய் அடைத்தால் கோடையில் ஏ.சி. சோர்ந்துவிடும். பெட்ரோல் மூடியின் உட்புறம் எத்தனை ஆக்டேன், எவ்வளவு எத்தனால் என்று ஒட்டியிருக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒத்துவராத வண்டியென்றால் எந்த பங்க்கில் என்ன போடுவது என்று வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒன்று. இந்த 911-இன் முன் சக்கர வளைவுக்குள் தண்ணீர் தெறிக்கும் சத்தத்தைக் கேட்கும் சென்சார் இருக்கிறது. சாலை நனைந்திருந்தால் 'வெட்' மோடுக்கு மாற்றச் சொல்லித் திரையில் காட்டும். பேசாமல் மாற்றிவிடுங்கள். ஆனால் லங்கா கார்னர் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீருக்கு எந்த மோடும் உதவாது. சுற்றிப் போங்கள், இன்ஜின் பாதுகாப்புக் காப்பீடும் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியை உங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவரச் சொல்லி, மகளைப் பின்னால் உட்காரவைத்து, வீட்டிலிருந்து பள்ளி வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு செலவானாலும் உங்கள் செலவு என்றே சொல்லுங்கள். அதற்கும் விற்பவர் தயங்கினால் வேறு வண்டி பார்க்கலாம்.