பாம்ப்லோனாவில் காளைகளோடு ஓட ஆசையா?

கேள்வி: ஜூலையில் நண்பர்களோடு ஸ்பெயின் போகிறேன். பாம்ப்லோனா காளை ஓட்டத்தில் ஓட ஆசை. தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறவன் நான். அது போதுமா?

பதில்: மூச்சுப் பலம் அங்கே பெரிதாக உதவாது. மொத்தப் பாதையே சுமார் 875 மீட்டர்தான். அதைக் காளைகள் பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவை உங்களைத் தாண்டத்தான் போகின்றன. கொஞ்ச தூரம் முன்னால் ஓடிவிட்டு, எந்த நொடியில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதல் நாள் ஓடாதீர்கள், பாருங்கள்.

சான் ஃபெர்மின் திருவிழாவில் ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்கு ஓட்டம். வேலியோரம் இடம் கிடைக்க விடியும் முன்பே போக வேண்டும். கையில் காசு இருந்தால் எஸ்டாஃபெட்டா தெருவில் பால்கனி வாடகைக்குக் கிடைக்கும். வேலி இரட்டை வேலி. நடுவில் உள்ள இடம் மருத்துவக் குழுவுக்கும் போலீசுக்கும், அங்கே உட்காராதீர்கள்.

அப்புறம் அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். மெர்காடெரெஸ் தெரு எஸ்டாஃபெட்டாவில் சட்டென்று வலப்பக்கம் திரும்பும். வந்த வேகத்தில் காளைகள் இடப்பக்கத் தடுப்பை நோக்கிச் சறுக்கும். அங்கே நிற்கவே கூடாது. எஸ்டாஃபெட்டாவிலோ நுழைந்து தப்பிக்க வேலி இடைவெளி கிடையாது, இருபுறமும் சுவர்தான்.

வெடிச் சத்தத்தைக் கவனியுங்கள். முதல் வெடி பட்டி திறந்ததற்கு. இரண்டாவது, எல்லாக் காளைகளும் வெளியே வந்துவிட்டதற்கு. இரண்டுக்கும் நடுவே நேரம் நீண்டால் காளைக் கூட்டம் சிதறியிருக்கிறது என்று பொருள். மந்தையோடு ஓடும் காளை பெரும்பாலும் முன்னே பார்த்துத்தான் ஓடும். தனியாகிவிட்ட காளைதான் திரும்பி ஆளைப் பார்க்கும். அதன் கண்ணில் படாமல் விலகிவிடுங்கள்.

விழுந்துவிட்டால்? எழவே எழாதீர்கள். தலையைக் கைகளால் மூடிக் குப்புறக் கிடங்கள். மிதி படலாம், பரவாயில்லை. எல்லாம் கடந்து போனதும் யாராவது தட்டிச் சொல்வார்கள். 1995-இல் இறந்த 22 வயது அமெரிக்க இளைஞர் விழுந்தவுடன் எழுந்து நின்றவர்.

18 வயது ஆகியிருக்க வேண்டும். குடித்திருந்தாலோ, கையில் கேமராவோ முதுகில் பையோ இருந்தாலோ போலீஸ் வெளியேற்றிவிடும். 7.30-க்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும். நம்மூரில் திமில் பிடித்துப் பழகியவராக இருந்தாலும் சரி, அங்கே காளையைத் தொடவோ பிடிக்கவோ கூடாது. வார இறுதியில் ஓடாதீர்கள். அன்று காளையை விட நெரிசலே ஆபத்து. பயணக் காப்பீடு இதற்குச் செல்லுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் செல்லாது.

இன்னொன்று. காலையில் உங்களோடு ஓடிய ஆறு காளைகளும் அன்று மாலையே அரங்கில் நடக்கும் காளைச் சண்டையில் கொல்லப்படும். மாலை டிக்கெட் வாங்கும் முன் இதை உங்கள் நண்பர்களிடமும் சொல்லிவிடுங்கள்.