வீட்டுப் பத்திரத்தை உள்ளே வையுங்கள் அம்மா

போன வாரம் பொழிச்சலூரிலிருந்து ஓர் அம்மா, மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு மகளோடு என்னிடம் வந்திருந்தார். பிளஸ் டூ முடித்த பெண். ஆறு மாதமாக லேப்டாப்பில் விமான சிமுலேட்டர், அதாவது விமானம் ஓட்டுவதைத் திரையில் பழகும் மென்பொருள், ஓட்டுகிறாள். அதைப் பார்த்த தாய்மாமா, "பைலட்டுக்குப் படிக்க வை, வீட்டுப் பத்திரம் சும்மாதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டாராம். முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். பத்திரத்தைக் கைப்பையிலேயே கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் நிஜ விமானத்தில் பறந்திருக்க வேண்டும். லேப்டாப்பில் ஓட்டிய ஒரு மணி நேரம்கூட அதில் சேராது. செலவு ஐம்பது லட்சத்தை ஒட்டி வரும், ஏர்பஸ் மாதிரி பெரிய விமானம் ஓட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பயிற்சி, தனிப் பணம். இவ்வளவுக்கும் பிறகு வேலை உறுதி கிடையாது. ஒருநாள் மருத்துவப் பரிசோதனையில் தவறினால் உரிமம் முடங்கும், வட்டி முடங்காது. அந்த மாமாவா தவணை கட்டப் போகிறார்?

சரி, சிமுலேட்டரில் ஒரு தடவை விமானத்தை ஏற்றிக் காட்டு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மீனம்பாக்கத்தில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம். கடல்காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது, காற்றை எதிர்த்து ஏற வேண்டும், அதனால் கிழக்குப் பக்கம் பார்த்த 07 ஓடுபாதை என்று அவளே முடிவு செய்தாள். நடுக்கோட்டில் நிறுத்தி, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை மெல்ல முழுக்கத் தள்ளினாள். மூக்கு இடப்பக்கம் இழுத்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் புல்வெளிக்குப் போவது அங்கேதான் என்று சொல்லிக்கொண்டே ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் முறுக்கி நேராக்கினாள். வேகம் 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வந்ததும் மூக்கைத் தூக்கினாள்.

ஆனால் என் கண் போனது பக்கத்தில் இருந்த ரஃப் நோட்டுக்கு. இணையத்தில் வாட்சிம் என்ற இலவச வலையமைப்பு இருக்கிறது, அதில் விமானம் ஓட்டுகிறவர்களும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பதுபோல உட்கார்ந்து அனுமதி கொடுக்கிறவர்களும் நிஜ மனிதர்கள். யார் இறங்க வருகிறார்கள், யார் காத்திருக்கிறார்கள், அடுத்து யாரை விடலாம் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறாள். ஏறிய பிறகு அவளுக்குப் போரடிக்கிறதாம்! இந்தப் பெண்ணின் மனசு கோபுரத்தில் இருக்கிறது.

அந்த வேலைக்கு ஆள் எடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம். ஜூனியர் எக்ஸிகியூட்டிவ், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று அறிவிப்பு வரும். இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. போதும், வயது 27க்குள். ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு, இயற்பியலில் கணினித் தேர்வு. தேறினால் குரல் தேர்வு, உளவியல் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. நிறக்குருடு இருந்தால் சிக்கல், அதனால் கண்ணை இப்போதே காட்டிவிடுங்கள். பயிற்சியை ஆணையமே பிரயாக்ராஜ் போன்ற இடங்களில் தருகிறது. அடிப்படைச் சம்பளமே நாற்பதாயிரத்தில் தொடங்குகிறது, படிகள் தனி. போட்டி கடுமை, அறிவிப்பும் வருடா வருடம் வரும் என்று நம்பி உட்கார முடியாது. அதற்காக மூன்று வருடமும் தயாரிப்பு ஓடட்டும், கூடவே எம்.எஸ்சி. கதவும் திறந்தே இருக்கும்.

ராணி மேரி கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பம் போடுங்கள். கணிதம் துணைப்பாடமாக இருக்கிறதா என்று பாடத்திட்டத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். அரசுக் கல்லூரி, கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. மாமா கேட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.