பிரண்டை சாப்பிட்டா எலும்பு நெஜமாவே உறுதியாகுமா? நாக்கு அரிக்காம துவையல் எப்படி அரைக்கிறது?

"பெத்த வயித்துல பிரண்டைய வெச்சுத்தான் கட்டிக்கணும்"னு எங்கம்மா திட்டும்போதெல்லாம் ஏதோ வாய்க்கு வந்த வசவுன்னுதான் நெனச்சிருந்தேன், மொத தடவ வெறுங்கையால நார் உரிச்ச அன்னிக்குதான் அர்த்தம் புரிஞ்சுது. ராத்திரி வரைக்கும் விரலிடுக்கெல்லாம் நமநமன்னு ஒரே அரிப்பு. தண்டுல இருக்கற கால்சியம் ஆக்சலேட்தான் காரணம், ஊசி ஊசியா இருக்கும், கருணைக்கிழங்கு அரிக்கறதும் இதனாலதான்.

அதனால வேலிக்கொடில முத்தின தண்டு பக்கம் போகாதீங்க, நுனியில பட்டுன்னு ஒடியற மூணு நாலு கணு போதும். கைல நல்லெண்ணெய் தடவிட்டு, கணுவ வெட்டிப் போட்டுட்டு, ஓரத்து நாரை உரிச்சு, பொடியா நறுக்கி, நல்லெண்ணெயில நிறம் மாறி சுருங்கற வரைக்கும் பொறுமையா வதக்கணும், இதுல அவசரப்பட்டா நாக்கு காட்டிக்குடுத்துடும். அப்புறம் உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பூண்டு வறுத்து, புளி கொஞ்சம் தாராளமா வெச்சு அரைங்க. சூடான சோறு, மேல ஒரு ஸ்பூன் எண்ணெய். அவ்ளோதான்.

எலும்பு விஷயத்துக்கு வரேன். இந்தில இதுக்குப் பேரே 'ஹட்ஜோட்', எலும்பை ஒட்ட வைக்கறதுன்னு அர்த்தம். 1960கள்லயே காசி இந்து பல்கலைக்கழகத்துல உடுபா, பிரசாத்னு ரெண்டு பேர் எலிகளுக்குக் கொடுத்துப் பாத்து முறிவு சீக்கிரம் கூடுதுன்னு எழுதியிருக்காங்க. ஆனா அது எலி, அதுவும் மருந்தா கொடுத்தது, நாம சாப்பிடறது ரெண்டு ஸ்பூன் துவையல். எங்க சொந்தத்துல ஒருத்தர் மாவுக்கட்டு வேணாம்னு பிரண்டைய அரைச்சுக் கட்டிக்கிட்டு கை கோணலாத்தான் கூடுச்சு, எக்ஸ்ரே எடுக்காம இந்த வேலையெல்லாம் வேணாம்ங்க.

நான் அனுபவத்துல சொல்றது வயிறுதான். வாயு, பசியின்மைக்கு எனக்கு நல்லாவே கேக்குது. திவசச் சமையல்ல பிரண்டை முன்னூறு காய்கறிக்குச் சமம்னு ஒரு கணக்கே உண்டு, அன்னிக்கு சாப்பிடற சாப்பாட்டுக்கு செரிக்கவும் ஏதாவது வேணும்ல!

கிட்னில கல் இருக்கறவங்க மட்டும் ஆக்சலேட்ட நெனச்சு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. மத்தவங்க காசு குடுத்து வாங்கவேணாம், யார் வீட்டு வேலிலயாவது கணுவோட ஒரு துண்டு கேட்டு வாங்கி தொட்டில சொருகுங்க, அப்புறம் அதை அடக்கறதுதான் வேலை.