உளவியல் சிகிச்சையாளரின் பேச்சை மதிப்பிடுவது எப்படி?

சிகிச்சை அறைக்குள் சிகிச்சையாளர் பேசும் விதத்தை வெளியாள் ஒருவர் மதிப்பிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் தாம் பேசியதாக ஒருவர் நினைப்பதும் உண்மையில் பேசியதும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை என்பதால், அவருடைய குறிப்பேடு போதாது, ஒலிப்பதிவு வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942இலேயே ஒரு சிகிச்சையின் முழு உரையாடலையும் பதிவிலிருந்து சொல்லுக்குச் சொல் அச்சிட்டார்.

பதிவைக் கேட்டபடியோ எழுத்தாக்கியோ ஒவ்வொரு கூற்றையும் வகைப்படுத்துகிறார்கள். மாற்றத்துக்கான விருப்பத்தை ஒருவரிடமிருந்தே வெளிக்கொணர முயலும் ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில், பொதுவாக 20 நிமிடப் பகுதி ஒன்றை எடுத்து, கேள்விகளையும், எதிரில் இருப்பவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லும் எதிரொலிப்புகளையும் எண்ணுவது வழக்கம். “தூக்கமே வரவில்லை” என்பவரிடம் “எத்தனை நாளாக?” என்பது கேள்வி, “தூங்க முடியவில்லை என்கிறீர்கள்” என்பது எளிய எதிரொலிப்பு, “இரவு நெருங்கினாலே மனம் பதறுகிறது” என்பது, அவர் வாய்விட்டுச் சொல்லாததையும் தொட முயலும் ஆழமான எதிரொலிப்பு. ஒரு கேள்விக்கு இரண்டு எதிரொலிப்புகள் என்ற விகிதத்தை அம்முறையினர் நல்ல திறனின் அடையாளமாகக் கொள்கிறார்கள்.

ஒரே பதிவை இருவர் தனித்தனியே குறியிட்டு, அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதும் இன்றியமையாதது. தற்செயலான ஒற்றுமையைக் கழித்துக் கணக்கிட, உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்த கப்பா அளவை உதவுகிறது.

எண்ணிக்கையை மட்டும் நம்புவது தவறு என்பேன். “சரி” என்ற ஒற்றைச் சொல், குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து ஆறுதலாகவும் இருக்கலாம், பேச்சை வெட்டுவதாகவும் இருக்கலாம். எது நடந்தது என்பதை, எதிரில் இருப்பவர் அடுத்துப் பேசும் வாக்கியமே பெரும்பாலும் காட்டிவிடும்.