விலைவாசி உயர்வால் தவிக்கும் தோட்டக் குடும்பங்களுக்கு மக்கள் பிரதிநிதிகள் உண்மையில் என்ன செய்ய முடியும்?

எங்கள் அம்மா இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அவருடைய சம்பளச் சீட்டுத்தான் ஞாபகம் வந்தது.

நாட்சம்பளத்தைப் பற்றித்தான் மேடையில் எல்லாரும் பேசுகிறார்கள். 2021ல் 1000 ரூபாய், 2024ல் 1350, 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1550. வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் தருவதாகச் சொன்ன 200ஐயும் சேர்த்தால் 1750. அதற்காகப் போராடியவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அம்மாவின் சம்பளம் 'பேரில்', அதாவது அன்றைய வேலைக்கு விழும் பதிவில், இருந்தது. தோட்டம் கேட்கும் கிலோ வந்தால் முழுப் பேர், வராவிட்டால் அரைப் பேர். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ. ஜனவரி, பெப்ரவரி வெயிலில் மலை காய்ந்து கிடக்கும்போது எவ்வளவு கைவேகம் உள்ளவருக்கும் 18 கிலோ வராது. சம்பளம் கூடிய கையோடு கிலோவையும் கூட்டினால், அல்லது கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை என்றால், மாதக் கடைசியில் வீட்டுக்கு வருவது பழைய காசுதான். அதிலும் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, சங்கச் சந்தா, முற்பணம் எல்லாம் கழிந்துவிடும்.

ஆகவே பாராளுமன்ற உறுப்பினர் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். சம்பள நிர்ணய சபையில் நாட்சம்பளம் பேசும்போதே கிலோவையும் மாத வேலை நாட்களையும் சேர்த்துப் பேச வைக்க வேண்டும். எந்தத் தோட்டத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை அரைப் பேர் விழுந்தது என்று தொழில் அமைச்சரிடம் சபையில் கேள்வி கேட்கலாம். பதில் பதிவாகும். அந்தப் பதிவை வைத்து அடுத்த முறை சண்டை போடலாம்.

சரி, பிரதேச சபை உறுப்பினர்? அவரால் ஆகும் வேலை நிறைய இருக்கிறது.

2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. கோதுமை மாவின் விலையும் ஏறி, காலை ரொட்டியே பாரமான காலம் அது. அடுத்த வருடம் அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு வந்தபோது எங்கள் சித்தி, கணவரை இழந்தவர், முதல் பட்டியலில் இல்லை. லயத்தில் பத்துக் குடும்பத்துக்கும் ஒரே விலாசம். கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, பல நாள் கழித்துத்தான் கைக்கு வரும். அப்போது எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒருவர், பிரதேச சபையில் முன்பு இருந்தவர், நாங்கள் ஒருபோதும் வாக்குப் போடாத கட்சிக்காரர், கோயில் மண்டபத்தில் மூன்று மாலை உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். சித்தியின் பெயர் அப்புறம் சேர்ந்தது. என் வாழ்நாளில் ஓர் அரசியல்வாதி எங்கள் வீட்டுச் செலவுக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

இன்னொன்று பாதை. பாதை உடைந்தால் பஸ் மேலே வராது. மா மூட்டை ஆட்டோவில் ஏறும், அந்தக் கூலி கடையில் சீனி, பருப்பு எல்லாவற்றின் விலையிலும் உட்காரும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் ஆட்டோதான். முன்பெல்லாம் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்பார்கள். அந்தப் பிரிவு 2018ல் திருத்தப்பட்டுவிட்டது. இன்றும் யாராவது 'அது தோட்டத்துக் காணி' என்று கையை விரித்தால், திருத்தத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். 1550 எங்கே, கைக்கு வந்தது எங்கே என்று அவர் முன்னால் விரித்துக் காட்டுங்கள்.